பிள்ளைகள் வரும் வீட்டில் எந்தத் தாம்பாளம்? மொரீசியஸ் தமிழ்க் குடும்பங்களுக்கான ஓர் ஒப்பீடு

உறவினரோ நண்பரோ பிள்ளைகளோடு மாலைத் தேநீருக்கு வரும்போது நடுவில் என்ன வைப்பது, எப்படி வைப்பது என்பதை மொரீசியசின் பல வீடுகளில் முன்கூட்டி யோசிப்பதில்லை. பெரியவர்களுக்காகச் செய்த காத்தோ பிமா என்ற மிளகாய் வடை, சமூசா, முறுக்கு ஆகியவற்றிலிருந்தே பிள்ளைகளுக்கும் எடுத்துக் கொடுக்கிறார்கள். காரம் தாங்காமல் ஒரு குழந்தை அழுதால் அவசரமாக ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். பிள்ளைகளை நினைத்து ஒரு தாம்பாளத்தை அடுக்குவது பெரிய வேலை அன்று, ஆனால் அதற்கு முன் சில முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே தாம்பாளமா, பிள்ளைகளுக்குத் தனியாகவா, ஆளுக்கொரு கிண்ணமா என்பது முதல் முடிவு. பொரித்த பண்டமா, ஆவியில் வெந்ததா, ரொட்டியா, பழமா என்பது அடுத்தது. வீட்டில் செய்வதா, வாங்குவதா என்பதும் இருக்கிறது. இவற்றையெல்லாம் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் தீர்மானிக்கிறேன்: அன்று வரப்போகும் பிள்ளைகளில் மிகச் சிறியவருக்கு என்ன வயது? அந்தப் பிள்ளை தானாகக் கை நீட்டி எதை எடுத்தாலும் ஒருவரும் பதறி எழ வேண்டியிராத தாம்பாளமே நல்ல தாம்பாளம்.

எல்லாருக்கும் ஒரே பெரிய தாம்பாளம் என்ற வழி பார்வைக்கு நிறைவானது. பெரியவரும் சிறியவரும் ஒன்றாகச் சுற்றி உட்காரும் மகிழ்ச்சி அதில் இருக்கிறது. பாட்டி எடுத்துத் தின்பதைப் பார்த்துப் பேரனும் புதிய பண்டத்தை வாயில் வைத்துப் பார்ப்பான் என்பதும் உண்மை. பிள்ளைகள் எல்லாரும் ஏழெட்டு வயதைக் கடந்தவர்களாக இருந்தால் இந்த வழியே போதும். ஆனால் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இருந்தாலே இது சிக்கலாகிவிடுகிறது. பச்சை மிளகாய் அரிந்து போட்ட வடையும், வறுத்த நிலக்கடலையும், கொட்டை எடுக்காத லிச்சியும் ஒரே தட்டில் இருக்கும்போது அந்தக் குழந்தையின் தாய் மாலை முழுவதும் "அதை எடுக்காதே, இதை எடுக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருக்க நேர்கிறது. விருந்துக்கு அழைத்துவிட்டு ஒருவரைக் காவல் வேலையில் உட்கார வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஆளுக்கொரு சிறு கிண்ணம் அல்லது பெட்டி என்பது இதற்கு நேர் எதிரான வழி. சளி, இருமல் பரவும் காலத்திலும், ஒவ்வாமை உள்ள பிள்ளை வரும்போதும், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கூடும் பிறந்தநாள் விழாவிலும் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. யார் எவ்வளவு தின்றார் என்பதும் தெரியும். குறை என்னவென்றால், தாமாகத் தேர்ந்தெடுக்கும் மகிழ்ச்சி பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. பிடிக்காதது கிண்ணத்திலேயே தங்கி வீணாகிறது. கழுவ வேண்டிய பாத்திரமும் கூடுகிறது. முன்பெல்லாம் பிளாஸ்டிக் கிண்ணங்களை வாங்கிப் பயன்படுத்தித் தூக்கி எறிந்துவிடுவார்கள். 2021 ஜனவரி முதல் மொரீசியசில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கிண்ணம் போன்றவற்றுக்குத் தடை இருப்பதால், அட்டைப் பெட்டியையோ வீட்டுக் கிண்ணங்களையோதான் நாட வேண்டும். நான்கைந்து பிள்ளைகள் வரும் சாதாரண மாலைக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை.

நான் பரிந்துரைப்பது இரண்டு தாம்பாளங்களை. ஆனால் வழக்கமாகச் செய்வதுபோல் பெரிய தாம்பாளத்தைப் பெரியவர்களுக்கும், ஓரத்தில் ஒரு சிறு தட்டைப் பிள்ளைகளுக்கும் வைப்பதை நான் சொல்லவில்லை. வரவேற்பறையின் நடுவில், தாழ்ந்த மேசையில் இருக்கும் பெரிய தாம்பாளம் பிள்ளைகளுக்குரியதாகவும், எல்லாரும் எடுக்கத் தக்கதாகவும் இருக்கட்டும். காரமான வடையும் கடலையும் மிளகாய்ச் சட்னியும் உயரமான மேசையிலோ அலமாரி மேலோ, பெரியவர்களின் கைக்கு மட்டும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். பெரியவர்கள் எழுந்து சென்று எடுத்து வரலாம், அதில் ஒரு சிரமமும் இல்லை. இதனால் பாட்டியும் பேரனும் ஒரே தட்டில் கை வைக்கும் இன்பமும் குறைவதில்லை, தாயும் நிம்மதியாகத் தேநீர் குடிக்கலாம்.

அந்த நடுத் தாம்பாளத்தில் எதை வைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு மிகுதி. காத்தோ பிமா இல்லாமல் மொரீசியசில் மாலைச் சிற்றுண்டி ஏது என்பார்கள், அது நியாயமான கேள்விதான். நம் பருப்பு வடையின் வழிவந்த அந்தப் பண்டத்தை மிளகாய் சேர்க்காமல் செய்தால் பிள்ளைகளுக்கு அது மிக நல்ல உணவு. பருப்பின் புரதம் இருக்கிறது, கையில் பிடித்துத் தின்ன வசதியாகவும் இருக்கிறது. இரவு முழுவதும் ஊறிய பருப்பைத் தண்ணீர் தெளிக்காமல் கரகரப்பாக அரைத்து, வெங்காயத் தாள், கொத்தமல்லி, சீரகம், உப்பு சேர்த்துப் பிசைந்தபின் மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் மிளகாய் சேர்க்கலாம். கால் கிலோ பருப்பில் ஏறக்குறைய இருபத்தைந்து சிறு வடைகள் வரும். இங்கே இரண்டு நுணுக்கங்கள் பயன்படும். பிள்ளைகளுக்கு உரியதைத் தட்டையாகவும், காரமானதைக் கடைகளில் விற்பதுபோல் உருண்டையாகவும் தட்டினால், ஒன்று மற்றொன்றோடு கலந்துபோனாலும் பார்த்தவுடனே தெரிந்துவிடும். தட்டையான வடை உள்வரை சீராக வேகும், சிறு வாயால் கடிக்கவும் எளிது. எண்ணெயில் பிள்ளைகளுடையதை முதலில் பொரித்து எடுத்துவிட்டுக் காரமானதைப் பிறகு போட வேண்டும், இல்லையேல் எண்ணெயில் இறங்கிய காரம் அடுத்த வடையில் ஏறும்.

சமூசாவும் முறுக்கும் அவ்வளவு எளிதில் பொருந்துவதில்லை. சமூசாவின் மொறுமொறுப்பான முனை குழந்தையின் ஈறில் குத்தும், உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கும் நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம், அதுவும் பாதியாக வெட்டி ஆறவிட்டு. முறுக்கில் உப்பைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியத் தேசிய நலச் சேவை, 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 2 கிராமுக்கு மேலும், நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு 3 கிராமுக்கு மேலும் உப்பு போகக் கூடாது என்கிறது. காலையில் ரொட்டியும் பாலாடைக் கட்டியும், நண்பகலில் கறியும் தின்ற பிள்ளைக்கு அந்த அளவில் மீதம் அதிகம் இருக்காது. ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பிப் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் முறுக்கைத் திறந்து வைத்தால் சற்று நேரத்திலேயே நமத்துவிடும் என்பதால், அங்கே அதை டின்னிலிருந்து கடைசியாக எடுத்து வைப்பது நல்லது.

பொரித்தவற்றில் ஒன்றே ஒன்று போதும் என்பது என் தீர்மானம். மிச்ச இடத்தை ஆவியில் வெந்த பண்டத்துக்கும் பழத்துக்கும் கொடுக்கலாம். தெருவில் விற்கும் புத்து, அதாவது தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்து அவிக்கும் நம் புட்டு, பிள்ளைகளுக்கு ஏற்ற உணவு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். அது மென்மையானது, எண்ணெய் இல்லாதது; கோதுமையும் முட்டையும் பாலும் சேராததால் ஒவ்வாமை உள்ள பெரும்பாலான பிள்ளைகளும் தின்னலாம். ஒரே குறை, சூட்டோடு பரிமாற வேண்டும். ஆறினால் உதிரும், தாம்பாளம் முழுவதும் துகளாகும். முன்கூட்டியே செய்து வைக்க விரும்புவோர்க்குச் சோள ரவையைப் பாலில் கிண்டித் தட்டில் ஊற்றி ஆற விடும் புதின் மாய்ஸ் அதைவிட வசதி. முந்தைய நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, விருந்தினர் வந்தபின் சிறு சதுரங்களாக வெட்டி வைத்தால் வடிவம் குலையாமல் நிற்கும். சின்னக் குழந்தைகளுக்குரிய பகுதியில் உலர்ந்த திராட்சையைத் தவிர்க்க வேண்டும். மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரிக்கும் காத்தோ பத்தாத் தீபாவளித் தாம்பாளத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவர். ஆனால் மற்ற நாள்களில், வேகவைத்த சர்க்கரைவள்ளியை விரல் அளவுக்கு நறுக்கி வைத்தாலே குழந்தைகள் விரும்பி எடுக்கிறார்கள்.

ரொட்டி வகை பொதுவாக யாருக்கும் மறுப்பில்லாத தேர்வு. பேன் மேசோன் என்ற சிறு உருண்டை ரொட்டியைக் குறுக்கே வெட்டி, வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் வைத்து நான்காகத் துண்டித்தால் எல்லா வயதினருக்கும் ஆகும். மிகப் புதிய, ஈரமான ரொட்டி வாயில் பந்துபோல் திரளும் என்பதால் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைக்கு அதை லேசாக வாட்டிக் கொடுப்பது பாதுகாப்பு. கோதுமை ஒவ்வாதவர்க்கு நம் நாட்டிலேயே அருமையான ஒரு மாற்று இருக்கிறது: மாஹேபூரில் 1870 முதல் ரோ குடும்பம் செய்துவரும் மரவள்ளிக் கிழங்கு பிஸ்கட். தேங்காய், இலவங்கப்பட்டை, அன்னாசிப்பூ மணங்களில் அது கிடைக்கிறது. வெறுமனே தின்றால் அது கொஞ்சம் வறண்டிருக்கும் என்பதால், சிறு பிள்ளைகளுக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்க வேண்டும். இறக்குமதியாகும் வண்ண வண்ணப் பொட்டலங்களைவிட இதையே நான் தாம்பாளத்தில் பார்க்க விரும்புகிறேன்.

பழம் என்று வரும்போது தேர்வு பருவத்தைப் பொறுத்தது, இதில் மொரீசியஸ் நம்மை வஞ்சிக்கவே இல்லை. ஆண்டு முழுவதும் கிடைக்கும் சிறிய விக்டோரியா அன்னாசியே என் முதல் தேர்வு. தெருவில் அதைப் புளியும் மிளகாயும் உப்பும் தூவித் தருவது பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு எதையும் தூவாமல் வைத்தாலே அதன் இனிப்பு போதும். கண்களை ஆழமாகச் செதுக்கி, நடுத்தண்டு கடினமாக இருந்தால் அதையும் நீக்கி, நீளவாக்கில் மெல்லிய துண்டுகளாக வெட்ட வேண்டும். நவம்பரிலும் டிசம்பரிலும் லிச்சி வரும்போது அதைக் கொத்தாகத் தாம்பாளத்தில் வைக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் தோலுரித்த முழு லிச்சியைவிட மூச்சுக்குழலை அடைக்கத் தக்க பழம் வேறொன்றைச் சொல்வது கடினம். அது வழுக்கும், உருண்டை வடிவம் கொண்டது, உள்ளே வழவழப்பான கொட்டை வேறு. தோலை உரித்து, கொட்டையை எடுத்து, சதையை நான்காகக் கிழித்து வைத்தால் அந்த அச்சம் இல்லை. லிச்சியைப் போன்ற லோங்கான் பழத்துக்கும் இதே முறைதான். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும், சிறு தக்காளியையும் அப்படியே. குறுக்கே வட்டமாக வெட்டினால் அடைக்கும் வடிவம் மாறாமலே இருக்கும். மாம்பழம், பப்பாளி, சிறிய ஜிஞ்ஜிலி வாழைப்பழம் ஆகியவற்றில் இத்தகைய கவலை இல்லை. வாழைப்பழத்தையும் ஆப்பிளையும் வெட்டியவுடன் எலுமிச்சைச் சாறு தடவினால் கறுப்பதைத் தள்ளிப்போடலாம், ஆப்பிளை மட்டும் மிக மெல்லியதாகச் சீவ வேண்டும். பச்சைக் கேரட்டும் சின்னக் குழந்தைகளுக்குக் கடினம். ஆவியில் சற்று வேகவைத்துக் குச்சியாக வெட்டினால் நிறமும் இனிப்பும் கூடுகின்றன.

மூச்சடைப்பு பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம், தின்பண்டத் தாம்பாளத்தில் இதைவிட விரைவாக உயிருக்கு ஆபத்து தருவது வேறில்லை என்பதே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் நான்கு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் கொட்டைகள், சோளப்பொரி, கடின மிட்டாய், முழுத் திராட்சை ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது என்கிறது. பிரித்தானியத்தில் முழுக் கொட்டைகளுக்கு ஐந்து வயது வரை பொறுக்கச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் இந்தப் பட்டியலோடு வறுத்த கடலையையும், அவித்த கொண்டைக் கடலையையும் சேர்க்க வேண்டும். அவித்த கடலையைத் தோல் நீக்கி விரலால் நசுக்கி வைத்தால் அது நல்ல உணவாகிவிடும். நிலக்கடலையோ உயரமான மேசைக்கே உரியது. எதுவானாலும் பிள்ளைகள் உட்கார்ந்து தின்ன வேண்டும், வாயில் பண்டத்தோடு ஓடக் கூடாது. இதை வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு முதலிலேயே சொல்லிவிட்டால் விருந்தினர் வருந்தமாட்டார்கள்.

ஒவ்வாமையையும் உணவு வழக்கத்தையும் அழைக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. நிலக்கடலை, எள், பால், முட்டை, கோதுமை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் "எல்லாம் தின்பார்கள்" என்ற பதில்தான் வரும். எள் சேர்ந்த பண்டம் பொரித்த எண்ணெயில் வடையைப் பொரித்தால் எள் ஒவ்வாத பிள்ளைக்கு அந்த வடையும் ஆகாது. மொரீசியசில் ஒரே மாலையில் இந்து, முஸ்லிம், கிறித்தவ, சீனக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு வீட்டில் கூடுவது இயல்பு. அதனால் நடுத் தாம்பாளத்தை மரக்கறியாகவே வைத்துவிடுவது எல்லாருக்கும் நிம்மதி. தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தில் வரும் தமிழ்க் குடும்பத்துக்கும் அதுவே தேவை. அந்நாள்களில் முட்டை சேர்ந்த கேக்கையும் தவிர்க்க வேண்டும். மெல்லும் மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொட்டலத்தைத் திருப்பிப் படித்தால் தெரிந்துவிடும்.

இனிப்பைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பாகு பூசிய நாப்பொலித்தேன் என்ற பிஸ்கட் ஒன்றைப் பாதியாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தாலே பிள்ளைகளுக்கு அன்று திருநாள். பெரியவர்களிடையே நீரிழிவு இவ்வளவு பரவலாக இருக்கும் ஒரு நாட்டில், தாம்பாளத்தின் பாதியை இனிப்பால் நிரப்புவதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் இனிப்பே இல்லாத தாம்பாளம் பிள்ளைகளைக் கடையை நோக்கித் தள்ளும் என்பதும் தெரிந்ததே. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, அது பாலில் கலந்ததானாலும் சரி.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னியா, தக்காளிச் சட்னியா, தயிரா என்பதில் பருவநிலைதான் முடிவு செய்கிறது. போர்ட் லூயிஸ் போன்ற கடலோர ஊர்களில் டிசம்பர் முதல் மார்ச் வரை வெயில் கடுமை என்பதால் தேங்காய்ச் சட்னி மிக விரைவில் கெடும். பால் சேர்ந்தவையும் அப்படியே. கெடக்கூடிய உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேலும், வெப்பம் 32 பாகைக்கு மேற்பட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பின் பொது விதி. ஆகவே கோடையில் மிளகாய் சேர்க்காத தக்காளிச் சட்னியைத் தேர்ந்தெடுக்கலாம். தயிர் வேண்டுமென்றால் சிறு சிறு கிண்ணங்களாகக் குளிர்பெட்டியிலிருந்து அவ்வப்போது எடுத்து வரலாம். கியூர்பிப், வாக்குவா போன்ற உயரமான, குளிர்ந்த ஊர்களில் உள்ளவர்களுக்கு இதில் கொஞ்சம் தாராளம் உண்டு.

எதன்மேல் அடுக்குவது என்பதற்கு என் விடை, துருப்பிடிக்காத எஃகுத் தாம்பாளத்தின்மேல் வாழை இலை. பூசைக்கு வைத்திருக்கும் பித்தளைத் தாம்பாளம் அழகானது, ஆனால் அன்னாசி, எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்புப் பண்டங்கள் ஈயம் பூசாத பித்தளையோடு நேரடியாகப் பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும். மரப் பலகை இக்காலத்தில் விரும்பப்படுகிறது. அதைச் சூடான வடைக்கும் ரொட்டிக்கும் பயன்படுத்தலாம், சாறு வடியும் பழத்துக்கு வேண்டாம். வாழை இலையைக் கழுவித் துடைத்து, அடுப்பின் தணலில் ஒரு முறை காட்டினால் கிழியாமல் வளையும்.

வீட்டில் செய்வதா, வாங்குவதா என்பதில் நேரம் குறைவாக உள்ளவர்களை நான் கட்டாயப்படுத்தமாட்டேன். ரோஸ் ஹில்லிலோ கத்ர்போர்னிலோ கடைவீதியில் நல்ல பண்டங்கள் கிடைக்கின்றன. ஆனால் கடையில் வாங்கும் காத்தோ பிமாவில் மிளகாய் இல்லாததைத் தேடுவது அரிது, அதைப் பொரித்த எண்ணெயில் வேறென்ன பொரித்தார்கள் என்பதும் தெரியாது. ஆகவே இரண்டையும் சேர்க்கலாம்: வடையை மட்டும் வீட்டில் செய்துகொண்டு, ரொட்டி, மரவள்ளி பிஸ்கட், நாப்பொலித்தேன், பழம் ஆகியவற்றை வாங்கினால் மாலை வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆறேழு பிள்ளைகளுக்குக் கால் கிலோ பருப்பு வடையும், இரண்டு விக்டோரியா அன்னாசியும், ஒரு சீப்பு வாழைப்பழமும், ஆறு பேன் மேசோனும், ஒரு தட்டு புதின் மாய்சும் தாராளமாகப் போதும். அருகிலிருக்கும் பெரியவர்களும் கை வைப்பார்கள் என்பதையும் இதில் கணக்கிட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைக்காமல் பாதியை உள்ளே வைத்திருந்து நிரப்புவது நல்லது.

குடிக்கத் தண்ணீர் போதும். சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு மொரீசியசில் சர்க்கரையின் அளவுக்கேற்ப வரி விதிக்கப்பட்டும் அவை விருந்து மேசையிலிருந்து விலகவில்லை. எலுமிச்சை வட்டமும் புதினா இலையும் போட்ட ஒரு கண்ணாடிக் குடம் நடுவில் இருந்தால், பிள்ளைகள் அதைத் தாமே ஊற்றிக் குடிக்க ஆசைப்படுவார்கள். சிறு கைக்கு ஏற்ற இலேசான குவளைகளை அதன் பக்கத்தில் வைத்துவிட வேண்டும்.